பவுனக்கா பாட்டு இரவலில் இருக்கிறது

நூலகர்களால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் எதுவும் வந்துவிடாது என்றுதான் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். உலக இசைக் காப்பக ஒன்றியம் லிஸ்பனில் மாநாடு கூட்டும்வரை அது உண்மையாகவும் இருந்தது.

அதற்கு முந்தைய வருடம்தான் நினைவுத் தொப்பி வந்திருந்தது. ஒருவர் தலையில் மாட்டினால் அவருக்குத் தெரிந்த பாட்டை வரி, மெட்டு, மூச்சு, இழுப்பு சகிதம் எடுத்துக்கொள்ளும். இன்னொருவர் தலையில் மாட்டினால் அப்படியே இறக்கி வைக்கும். பாஷை தெரிய வேண்டாம், பயிற்சி வேண்டாம், சின்ன வயதிலிருந்தே பாடிவந்த மாதிரி வந்துவிடும். அதைச் செய்த பொறியாளர்கள் அப்பாவிகள். "இனி எந்தப் பாட்டும் அழியாது, ஒரே சமயத்தில் ஆயிரம் தலைகளில் வைக்கலாம்" என்று மேடையில் சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருந்தார்கள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவனைப் பார்க்கிற மாதிரி அவர்களைப் பார்த்தார்கள் அத்தனை நாட்டு இசை நூலகர்களும்.

ஒரு பிரதி எப்படி இரண்டு பேரிடம் இருக்க முடியும்? இரவல் கொடுத்தால் கொடுத்த இடம் காலியாக வேண்டாமா? காலியாகவே இல்லையென்றால் திரும்பி வந்ததை எங்கே வைப்பது? நாள் கணக்கில் விவாதம் நடந்தது. பசியும் களைப்பும் முற்றிய ஒரு காலை நேரத்தில் சென்னைப் பிரதிநிதி நளாயினி எழுந்து, "ஒரு பாட்டு, ஒரு தலை" என்று ஒரு திருத்தத்தை முன்மொழிந்தாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கொரியாக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகக்கூடக் கேள்வி. பொறியாளர்கள் ஊருக்குத் திரும்பிப் போய், யாருக்கும் தேவைப்படாத ஒரு பூட்டைக் கண்டுபிடிப்பதற்காக மேலும் இரண்டு வருடம் உழைத்தார்கள்.

பூட்டு அற்புதமாக வேலை செய்தது. பாட்டு இரவல் போயிருக்கும்போது, கொடுத்தவருக்கு அது நினைவில் இருக்காது. யாராவது பக்கத்தில் பாடினால் காதில் விழும், ஆனால் தங்காது. அதே சாயலில் புதிதாக ஒன்று கட்டவும் வராது. அதற்குப் 'பாதுகாப்பு ஓரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பாட்டு திரும்பி வந்ததும் பூட்டு திறக்கும், வாங்கியவர் தலையிலிருந்து பாட்டும், ஓரமாக அதை ஒட்டிய ஞாபகங்களும் சுத்தமாகத் துடைக்கப்படும். இவ்வளவு ஒழுங்கான ஏற்பாட்டை நளாயினி தன் இருபது வருட உத்தியோகத்தில் பார்த்ததில்லை. அந்தத் திருத்தத்தைச் சட்டம் போட்டு, வாசிப்பறையில் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தாள்.

அதைப் பார்த்தபடிதான் தேசிங்கு அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

தேசிங்கு காசிமேட்டில் மரண கானா பாடுகிறவர். அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பந்தல்காரருக்கு முன்னால் அவருக்குத்தான் போன் போகும். போன வருடம் தம் பாட்டுகள் அத்தனையையும் காப்பகத்துக்குக் கொடுத்திருந்தார். இயக்குநர் பதஞ்சலி அவருக்குச் சால்வை போர்த்தி, 'நெய்தல் நில இரங்கற்பா மரபு' பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சின் நடுவில், "யாரப் பத்தி மேடம் பேசறாரு?" என்று தேசிங்கு நளாயினியிடம் கேட்டார்.

இன்றைக்கு அவர் முகத்தில் அந்தக் குறும்பெல்லாம் இல்லை.

"அக்கா போய்டுச்சி மேடம். காத்தால. நாளிக்கி சாய்ந்தரம் எடுக்கறோம். பெரிய பொண்ணு துபாய்லேர்ந்து வரணும்."

அவருடைய அக்கா பவுனம்மாளை நளாயினிக்குத் தெரியும். சால்வை விழாவுக்குக் கூடையோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து, காப்பகத்தின் குளிர்சாதனம் மீனுக்குப் போதாது என்று சொல்லிவிட்டுப் போன பெண்மணி. தாய் போன பிறகு தேசிங்கை வளர்த்தது அவர்தான்.

"அக்கா பாட்டு வேணும் மேடம். மத்தவங்களுக்குப் பாடறதெல்லாம் கீது. அக்காது மட்டும் இல்ல. காத்தாலேர்ந்து தேடறேன்."

"நீங்க... புதுசா ஒண்ணு?"

"அக்கான்னு ஆரம்பிச்சா அடுத்த வார்த்த வர்ல மேடம். கெணத்துல வாளி விட்டா மாரி, சும்மாவே மேல வர்து."

பிறகு சொன்னார். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் பவுனம்மாள் அவரைப் பிடித்து, 'ஊரு சாவுக்கெல்லாம் பாடற. எனுக்கு எப்டிப் பாடுவன்னு நா கேக்க வேணாமா? செத்தப்பறம் பாடுனா நா எங்கேர்ந்து கேக்கறது?' என்றாராம். உயிரோடு இருக்கிறவருக்குச் சாவுப் பாட்டுப் பாடுவது ஆகாத காரியம். அதனால் யார் காதிலும் விழாமல், துறைமுகத்தில் மராமத்துக்கு ஏற்றி வைத்திருந்த விசைப்படகுக்குப் பின்னால் வைத்துப் பாடிக் காட்டினார். அக்கா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னாராம்.

"ஏதோ ஒரு மீனுக்கு சண்ட போட்டுச்சி மேடம். 'அந்த மீன வெக்காத, கௌரவமான மீனா வை'ன்னு. சண்ட ஞாபகம் கீது. இன்னா மீனு, தெர்ல. எங்க ரெண்டு பேரத் தவுர அந்தப் பாட்ட யாரும் கேட்டதில்ல. நாந்தான் பாடணும்னு சத்தியம் வாங்கிகிச்சி."

நளாயினி கணினியைத் தட்டிப் பார்த்தாள். பாட்டு இருந்தது. நார்வேயின் வடக்கே ஸ்டால்விக் என்ற ஊரின் இசை நூலகத்தில், ஊலாவ் என்ற வாசகரின் தலையில் இருந்தது. இரண்டு முறை புதுப்பித்திருந்தார். கெடு முடிய இன்னும் மூன்று வாரம்.

"நார்வேல ஒருத்தர் எடுத்திருக்காரு தேசிங்கு."

தேசிங்கு கணினித் திரையை எட்டிப் பார்த்தார். "எதுக்கு? அங்க எங்க அக்காவ யாருக்குத் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு ஒன்றியத்தின் விதிப் புத்தகத்தில் பதில் இல்லை. சர்வதேச ஒத்துழைப்பு என்ற சொல் மட்டும் முன்னுரையில் ஒன்பது இடத்தில் வருகிறது.

ஸ்டால்விக் நூலகர் சிக்ரிட் உடனே எடுத்தாள். ஒன்றியம் கொடுத்த மொழிபெயர்ப்புக் கருவிக்கு யாரோ ஒரு புலவர் தமிழ் கற்றுக்கொடுத்திருந்தார் போல. நார்வேக்காரி என்ன சொன்னாலும் அது நளாயினியின் காதில் மேடைத் தமிழாகவே வந்து விழுந்தது.

"அன்பிற்குரிய தோழமை நூலகரே, தங்கள் இழப்பிற்கு எம் ஆழ்ந்த இரங்கல். ஊலாவ் கடலோடி. ஓய்வு பெற்றுத் தீவில் வசிக்கிறார். இங்கு மூன்று நாட்களாகப் புயல். படகுப் போக்குவரத்து நின்றுவிட்டது. அவர் நூலகம் வந்து தொப்பி அணிந்தாலன்றிப் பாடலை மீட்க இயலாது."

"தொப்பிய அவர்கிட்ட அனுப்ப முடியாதா? ஹெலிகாப்டர், ஏதாவது?"

"மீட்புப் படையினர் கொண்டு செல்வர். ஆயினும் தொப்பி நூலகத்தின் வாயிலைத் தாண்டலாகாது. விதி எட்டு." சிக்ரிட் கொஞ்சம் தயங்கினாள். "அதுவும் தங்கள் திருத்தத்தின் பகுதி என்றே எண்ணுகிறேன்."

நளாயினி திரும்பி, பின்னாலிருந்த சட்டத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

மிஞ்சியிருந்தது ஒரு வழிதான். ஒன்றியத்தின் செயற்குழு மனம் வைத்தால், பாட்டு திரும்பி வராமலேயே தேசிங்கின் பூட்டை இங்கிருந்து திறக்கலாம். பிற்பகலில் அவசரக் கூட்டம் கூடியது. மனிதர்கள் நல்லவர்கள், அதில் சந்தேகமில்லை. கனடாவில் விடியாத நேரம். தலைவி படுக்கையிலிருந்து எழுந்து, தலை வாரி, பொத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கென்யாக்காரர் மருத்துவமனையில் இருந்தபடியே சேர்ந்திருந்தார். ஒவ்வொருவரும் மற்ற எல்லாருக்கும் நன்றி சொன்னார்கள். பவுனம்மாளுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். வாழ்நாளில் ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் வாயை மூடியிராத பெண்மணிக்கு அது பெரிய மரியாதைதான்.

பிறகு பெல்ஜியக்காரர், இந்தப் பாடல் சமயச் சடங்கில் சேருமா, நகர்ப்புறக் கேளிக்கையில் சேருமா என்று கேட்டார். அட்டவணையில் அது இரண்டிலும் இருந்தது. அது ஒரு அரை மணி நேரத்தைச் சாப்பிட்டது. கடைசியில் போர்ச்சுகல்காரி, எல்லாரும் கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"பூட்டைத் திறந்தால், சிறிது காலத்திற்கு அப்பாடல் இரு தலைகளில் இருக்குமன்றோ?"

திரையில் இருந்த அத்தனை முகங்களும் வெளிறின.

"இன்று இரண்டு. நாளை?" என்றார் ஒருவர்.

"முன்னுதாரணம்," என்றார் இன்னொருவர். அந்தச் சொல்லைக் கேட்டதும் மற்றவர்களுக்கு ஒரு நிம்மதி வந்தது. நூலகர்களுக்கு அது சாமி பெயர் மாதிரி.

துக்க நேரத்து இரவல் சிக்கல்களை ஆராய ஒரு பணிக்குழு அமைப்பதென்றும், அது அடுத்த மாநாட்டில் அறிக்கை வைக்கும் என்றும் ஒருமனதாக முடிவாயிற்று. நளாயினியையே அதன் உறுப்பினராகப் போட்டார்கள். தேசிங்குக்கு இருபத்தேழு மொழிகளில் இரங்கல் செய்தி வந்தது.

கூட்டம் கலைந்து சற்று நேரத்தில் சிக்ரிட் தன் சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், ஆனால் கருவிக்குக் கிசுகிசுப்பு தெரியாததால் அதே மேடைக் குரலில் முழங்கியது.

"பாடல் வர இயலாது. எனினும், ஊலாவிடம் தொலைபேசி உண்டு."

நளாயினிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். இரவல் வாங்கியவர் தனிப்பட்ட ஆய்வுக்கு மட்டும் பாட்டைப் பயன்படுத்தலாம். பொது இடத்தில் பாடினால் குற்றம். அதையும் எழுதியது வேறு யாரும் இல்லை.

பதஞ்சலி அவள் சொல்லி முடிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"இரவல் பிரதிய மைக்ல போட்டுப் பாடறதா? நம்ம உறுப்பினர் அந்தஸ்தே போயிடும் நளாயினி. அடுத்த மாநாட்ட சென்னைல நடத்தக் கேட்டிருக்கோம். முதலமைச்சர் வர்றதா இருக்காரு. ஒரு அம்மாவுக்காக இதெல்லாத்தையும்..."

"அக்கா சார்."

"யாரா இருந்தா என்னம்மா? நான் கடிதமா எழுதித் தரணுமா, கூடாதுன்னு?"

"வேண்டாம் சார்," என்று சொல்லிவிட்டு, மறுநாள் பிற்பகலுக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'உறவினர் மரணம்' என்று போட்டாள். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளாய் எழுதிய முதல் பொய் அதுதான்.

மறுநாள் காசிமேட்டில் மீன் மார்க்கெட் மூடியிருந்தது. தெருவை அடைத்துப் பந்தல். நடுவில் கண்ணாடி ஐஸ் பெட்டிக்குள் பவுனம்மாள், பட்டுப்புடவையும் ஒரு ரூபாய் அகலப் பொட்டுமாக, எழுந்து வந்து யாரையாவது கேள்வி கேட்கப் போகிறவர் போலப் படுத்திருந்தார். மோளக்காரர்கள் ஒரு பக்கம். மார்க்கெட் பெண்கள் எல்லாரும் ஒரு பக்கம். எல்லார் கண்ணும் தேசிங்கு மேலேயே இருந்தது. எப்போது ஆரம்பிப்பார் என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நளாயினி அவர் அருகில் போய்க் குந்தி, போனைக் காட்டினாள். திரையில் வெள்ளைத் தாடியோடு ஒரு முதியவர், கருப்புக் கோட்டும் டையுமாக, சமையலறையில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஜன்னலில் மழை அறைந்துகொண்டிருந்தது.

"ஐயா," என்றது கருவி. "என் பெயர் ஊலாவ். தங்கள் உடைமை என்னிடம் உள்ளது. நாணுகிறேன்."

"எதுக்கு சார் எடுத்தீங்க?" என்றார் தேசிங்கு. கோபமாகக் கேட்கவில்லை.

"என் தம்பி கடலில் மாண்டான். எங்கள் ஊரில் இறந்தவர்க்காக அமைதியாக அமர்ந்து காபி அருந்துவோம். எனக்கோ அவனைத் திட்ட வேண்டியிருந்தது. ஏன் போனாய் என்று கேட்க வேண்டியிருந்தது. இறந்தவரைத் திட்டும் பாடல் உண்டா என்று நூலகத்தில் கேட்டேன். மீன் விற்கும் பெண்ணின் பாடல் ஒன்று உண்டு என்றார்கள். நானும் மீன்காரன்."

தேசிங்கு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாடு சார்," என்றார்.

நளாயினி போனை மைக்கில் வைத்தாள். மோளக்காரர்களிடம் தேசிங்கு விரலால் தாளத்தைக் காட்டினார். எந்தப் பாட்டுக்கென்று தெரியாமலே. பெட்டி ஒலிபெருக்கியில் முதலில் கடல் காற்று வந்தது. அப்புறம் வந்தது காசிமேட்டுக் குரல். கருவி மொழிபெயர்க்க ஒன்றுமில்லாமல் வாயை மூடிக்கொண்டது.

*ஐஸு பெட்டி மேல குந்தி*
*அதட்டுவியே பவுனக்கா*
*ஐஸு பெட்டி உள்ள படுத்து*
*அடங்கிட்டியே ஏனக்கா*

பின்வரிசையில் சில பையன்கள் சிரித்தார்கள். ஒரு வெள்ளைக்காரன் டை கட்டிக்கொண்டு 'பவுனக்கா' என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. இழுப்பு, கமகம், மூக்கால் விடுகிற அந்தக் கடைசி மூச்சு எல்லாம் தேசிங்கேதான். மார்க்கெட் பெண்கள் தேசிங்கின் வாயைப் பார்த்தார்கள். அது மூடியிருந்தது.

*வஞ்சிரத்துக்கு வெல சொன்னா*
*வாயடைக்கும் மார்க்கெட்டு*
*வந்து நிக்குது வாசலுல*
*வாயடைச்சி மார்க்கெட்டு*

"வஞ்சிரம்," என்று தேசிங்கு நளாயினியின் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகையும் சிரிப்புமாக இருந்தது முகம். "வஞ்சிரம் மேடம்! நா சங்கரா வெச்சிருப்பேன். அதுக்குத்தான்..." அடுத்த வரி வந்தது. அவர் கை தளர்ந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "இன்னா மீனு சொன்னாரு?"

"வஞ்சிரம்."

மறுபடி அதே முகம், அதே சிரிப்பு, அதே அழுகை, முதல் தடவையாக. மறுபடி ஒரு வரி. மறுபடி வெறும் கண்.

காதில் விழும், தங்காது. லிஸ்பன் மேடையில் அவள் சொன்ன வாக்கியம்தான் அது. அதைச் சொன்னபோது ஒரு கையை லேசாக விரித்துக் காட்டினாள், எல்லாரும் ரசித்துச் சிரித்தார்கள். பாட்டு முடியும்வரை ஒவ்வொரு வரிக்கும் தேசிங்கு அக்காவைப் புதிதாக இழந்தார். அவர் கேட்டபோதெல்லாம் அவள் போன வரியை அவர் காதில் திருப்பிச் சொன்னாள். அதனாலேயே, பாட்டு முடியும்போது, அது முழுவதும் அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

ஊலாவ் பாடி முடித்ததும் திரையில் தலையைக் குனிந்து நின்றார். மார்க்கெட் பெண்கள் அத்தனை பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். பவுனம்மாளின் பூப்பல்லக்கைத் தூக்கினார்கள்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஒன்றியத்தின் கண்காணிப்பு விழித்துக்கொண்டது. கூட்டத்தில் செல்போனில் படம் பிடித்து வலையில் ஏற்றியவர்கள் எல்லாருடைய படத்திலும் ஒலி மட்டும் அழிந்துபோயிற்று. ஒரு பெண்மணி மைக்கில் போனைப் பிடித்துக்கொண்டிருப்பதும் முந்நூறு பேர் வாயைத் திறந்து அழுவதும் ஊமைப் படமாக ஓடின. இரண்டு நாளில் புயல் ஓய்ந்தது. ஊலாவ் முதல் படகிலேயே ஸ்டால்விக் போய், கேட்காமலே பாட்டைத் திருப்பிக் கொடுத்தார். தேசிங்கின் பூட்டு திறந்தது. ஒழுங்குமுறைப்படி எல்லாம் செவ்வனே முடிந்ததாக நளாயினிக்கு மின்னஞ்சல் வந்தது. கூடவே அவள்மேல் விசாரணை என்றும் வந்தது.

விசாரணையில் பதஞ்சலி கோபமாக இல்லை. கவலையாகத்தான் இருந்தார்.

"முந்நூறு பேர் கேட்டிருக்காங்க நளாயினி. முந்நூறு கள்ளப் பிரதி. ஒன்றியத்துல யாரும் சரியாத் தூங்கறதில்லையாம்." பெருமூச்சு விட்டார். "அடுத்த வாரம் காசிமேட்ல முகாம் போடறோம். விதி எட்டுக்கு விலக்கு வாங்கியாச்சு, தொப்பி வாசல் தாண்டலாம். கண் சிகிச்சை முகாம் மாதிரி. தொப்பிய மாட்டி எடுத்துட்டு, மோர் குடுத்து அனுப்பிடலாம். வலிக்காது. முதல்ல ஊழியர்கள், அப்பத்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும். நாளைக்குக் காலைல உங்களுக்கு. ஒத்துழைச்சீங்கன்னா வேலைக்குப் பாதகம் இல்லைன்னு எழுத்துல வாங்கியிருக்கேன். எனக்காக."

அவர் நிஜமாகவே அவளுக்காக மெனக்கெட்டிருந்தார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

தேசிங்கு அன்று பிற்பகல் வந்தார். மொட்டை அடித்திருந்தார். வாசிப்பறை மேசையில் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"பாட்டு வந்துடுச்சி மேடம்," என்றார். "முழுசாக் கீது. வஞ்சிரம். இப்ப வந்து இன்னா பிரயோஜனம்? அக்கா போவும்போது அதுக்குப் பாட்டு இல்ல."

"இருந்துதே தேசிங்கு. ஊலாவ் பாடினாரே."

"அத்தான் எல்லாம் சொல்றாங்க. போன மைக்ல வெச்சீங்க. அது ஞாபகம் கீது. அப்பறம் பல்லக்கத் தூக்குனது ஞாபகம் கீது. நடுவுல ஒண்ணுமே இல்ல." மேசையை விரலால் தேய்த்தார். "சாவு வூட்ல யாரு மேடம் மெய் சொல்வாங்க? நானே எத்தினி பேருக்கு சொல்லிகிறேன், 'கஷ்டப்படாம போனாரு'ன்னு. என்னத் தேத்தறதுக்கு ஊரே சேந்து சொல்லுது. படத்தப் பாத்தேன். சத்தமே இல்ல. அதுல இன்னா பாட்டு ஓடுச்சின்னு எனுக்கு எப்டித் தெரியும்?"

"மார்க்கெட்ல யாரையாவது ஒரு வரி பாடச் சொல்லக் கூடாதா?"

"காரியம் முடியாம செத்தவங்க பாட்ட வாயில எடுத்தா அடுத்த சாவு அந்த வூட்லன்னு சொல்வாங்க. எவளும் எடுக்க மாட்டா."

காரியத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. முகாம் அதற்கு முன்னால்.

நளாயினி ஊலாவைக் கூப்பிட்டாள். இப்போது வெயிலில் உட்கார்ந்திருந்தார், சட்டை மட்டும் போட்டுக்கொண்டு. தேசிங்கைப் பார்த்துப் புன்னகைத்தார். முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் செய்கிற மரியாதைப் புன்னகை அது.

"ஐயா, அன்று எங்கள் வீட்டுச் சாவில் நீங்கள் பாடிய பாட்டைப் பற்றி..." என்று நளாயினி கருவிக்கேற்ற தமிழில் ஆரம்பித்தாள்.

"மன்னிக்க வேண்டும். எப்பாடல்?" முதியவர் உண்மையாகவே யோசித்தார். "நான் பாடத் தெரியாதவன், அம்மையீர். என் தம்பிக்குக்கூட ஒன்றும் பாடவில்லை. அமைதியாகக் காபி அருந்தினோம்."

துடைத்த தலை. எத்தனை சுத்தமான வேலை! நளாயினி போனை வைத்தாள். தேசிங்கு எழுந்துகொள்ளப் போனார். "வுடுங்க மேடம். நீங்க நல்ல மனசோடதான் செஞ்சீங்க."

அவள் அவரை உட்காரச் சொல்லவில்லை. வாயைத் திறந்தாள்.

அவளுக்குப் பாட வராது. பள்ளிக்கூட இறைவணக்கத்திலேயே உதட்டை மட்டும் அசைக்கச் சொல்லி நிறுத்தப்பட்டவள். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, மேசையில் தாளம் தட்டி, தப்பும் தவறுமாக எடுத்தாள்.

*நடுத்துண்டு எனுக்கு வெச்சி*
*தலைய மட்டும் துன்னியே*
*நாளைக்கி முழு மீனும் எனுக்கா*
*நல்லாருக்கா சொல்லு நீயே*

வாசிப்பறையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாரும் தலையைத் தூக்கினார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பதஞ்சலி நின்றுவிட்டார்.

தேசிங்கு பாதி எழுந்தபடி அவள் வாயையே பார்த்தார். அந்த வரி படகுக்குப் பின்னால் அக்காவுக்கு ஒரே ஒரு தடவை பாடியது. ஊலாவ் பாடியிருந்தாலொழிய, அவரையும் அக்காவையும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்க முடியாது.

"'துன்னியே'ல இழுக்கணும் மேடம்," என்றார். "இழுக்காம வுட்டா செத்துடும்."

அவள் இழுத்துப் பாடினாள்.

"அப்ப மெய்யாலுமே பாடிக்கிறாங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உட்கார்ந்தார். முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். பிறகு நிமிராமலே கேட்டார். "நா அழுதனா மேடம்?"

"ஒவ்வொரு வரிக்கும்."

"முப்பது வருஷமா சாவுக்குப் பாடறேன். ஒரு சாவுக்கு அழுததில்ல. அழுதா பாட்டு வராது." மூக்கை உறிஞ்சினார். "அத்த வெளிய சொல்லிடாதீங்க. பொழப்பு போய்டும்."

நளாயினிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. நாளைக் காலையில் அவள் தலைக்கு வரப்போகும் தொப்பியைப் பற்றிச் சொன்னாள். பாட்டு போய்விடும். பாட்டோடு பந்தலும், அவர் கையைப் பிடித்துக்கொண்டதும், இப்போது இந்த மேசையில் தட்டிய தாளமும் ஓரத்தோடு சேர்ந்து போய்விடும். அந்த விதியையும் தான்தான் எழுதியதாகச் சொன்னாள். இதுவரை அதை அவரிடம் சொன்னதில்லை.

தேசிங்கு சுவரில் இருந்த அந்தச் சட்டத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி வெகுநேரம் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"நாளைக்கு மறுநா வரேன் மேடம்," என்றார். "நீங்க பாடுனீங்கன்னு நா சொல்றேன். அமைதி போர்டுக்குக் கீழ குந்திகினு, அபஸ்வரமா, ஊரே பாக்கறா மாரி பாடுனீங்கன்னு."

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நா சொல்லும்போது நம்பணும். இன்னா?"